குறிப்புப் புலங்களில் வடிவமைத்த உரை: ஆறு கல்லூரிகளுக்குப் பொதுவான கோஹாவில் அனுமதிக்கலாமா?

பொது அலமாரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரே அறக்கட்டளையைச் சேர்ந்த ஆறு கல்லூரி நூலகங்களுக்கும் பொதுவாக ஒரே கோஹா நூலக மென்பொருள் ஓடுகிறது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. அடுத்த புதன்கிழமை ஆறு நூலகர்களும் கூடுகிறார்கள். அதற்குள் ஒரு விஷயத்தில் எனக்குத் தெளிவு வேண்டும்.

இப்போது முகப்பு அறிவிப்பு எழுதும் பெட்டியில் மட்டும் கருவிப்பட்டை இருக்கிறது: தடித்த எழுத்து, வண்ணம், பட்டியல், இணைப்பு. அதே பட்டையை எல்லாக் குறிப்புப் புலங்களுக்கும் தர வேண்டும் என்று நான்கு கல்லூரிகள் எழுதிக் கொடுத்திருக்கின்றன. நூற்பதிவில் நூற்சுருக்கம் எழுதும் 520 என்ற புலம், பொருளடக்கம் எழுதும் 505, பிரதிக் குறிப்பு, உறுப்பினர் குறிப்பு, நினைவூட்டல் கடிதம், கிளையின் தகவல் பக்கம் என எதையும் விடவில்லை. ஃபோலியோ என்ற இன்னொரு நூலக மென்பொருளின் குறிப்புப் பகுதியில் இப்படி ஒரு பட்டை இருப்பதைப் பார்த்த ஒருவர், "அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

நிரல் எழுதித் தர ஆள் இருக்கிறார். செலவும் பெரிதில்லை. ஆனால் ஒரு கல்லூரி தன் பதிவில் செய்வது மற்ற ஐந்து கல்லூரிகளின் திரையிலும் தெரியும். ஒரு முறை திறந்துவிட்டால் பிறகு மூடுவது கடினம். அதற்குள் ஆயிரக்கணக்கான குறிப்புகளில் வடிவமைப்புக் குறிகள் ஏறியிருக்கும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டியலாளர் 245

520, 505 இரண்டையும் தொடவே விடாதீர்கள்.

இவை மார்க் என்ற பொதுப் பட்டியல் வடிவத்தின் புலங்கள். மார்க் பதிவு உங்கள் திரைக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் ஆவ்ரம் இதை உருவாக்கியதே, ஓரிடத்தில் செய்த பட்டியல் வேலையை இன்னோர் இடம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் பதிவை நாளை வேறொரு கல்லூரி இசட் 39.50 என்ற பரிமாற்ற நெறிமுறை வழியாக இழுக்கும். இன்ட்கேட் போன்ற கூட்டுப் பட்டியலுக்கு நீங்களே அனுப்புவீர்கள். அங்கே உங்கள் தடித்த எழுத்து தடித்த எழுத்தாகப் போய்ச் சேராது. சொல்லின் இருபுறமும் கோண அடைப்புகளாகத்தான் போய்ச் சேரும். அந்த நூலகத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கையால் நீக்க வேண்டும். நான் நீக்கியிருக்கிறேன், வாரக்கணக்கில்.

அளவையும் பாருங்கள். மார்க் 21 பரிமாற்ற வடிவத்தில் ஒரு புலம் 9,999 பைட்டையும், முழுப் பதிவு 99,999 பைட்டையும் தாண்டக் கூடாது. நீளத்தைக் குறிக்க ஒதுக்கிய இலக்கங்களே அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இந்தச் சுவரில் முட்டுவது அரிது. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'நூலகம்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. உள்ளே ஆறு குறியீடு, 18 பைட். வேர்டிலிருந்து ஒட்டும் பத்தியோடு வரும் ஸ்பான், ஸ்டைல் என்ற வடிவமைப்புக் குறிகளின் குப்பையோ பல நேரம் உரையை விட நீளம்.

கண்காணி (கோஹா நிரலாக்கம்)

245 அம்மா சொன்னதில் ஒரு சிறு திருத்தம். கோஹா பதிவுகளைத் தன் தரவுத்தளத்தில் மார்க் எக்ஸ்எம்எல் ஆகத்தான் வைத்திருக்கிறது. அதனால் 9,999 பைட் வரம்பு சேமிக்கும்போது தடுக்காது. அவர் சொன்ன பரிமாற்ற வடிவமான, மரபான ஐஎஸ்ஓ 2709 கோப்பாக வெளியே எடுக்கும்போதுதான் இடிக்கும். இது நல்லதா கெட்டதா என்றால், கெட்டது என்பேன். மூன்று ஆண்டு எல்லாம் சரியாக ஓடுவதாகத் தெரியும். மென்பொருள் மாற்றும் அன்றைக்குத்தான் உடையும்.

தேடலும் கெடும். குறிகளோடு சேமித்த உரையை அப்படியே தேடலுக்கான சொல்லடைவுக்கு அனுப்பினால் 'ஸ்பான்', 'ஸ்டைல்' என்பவையும் தேடுசொற்களாகிவிடும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியில் குறிகளை உரித்துவிட்டு அடைவு செய்யும் வடிகட்டி உண்டு. ஆனால் அதை ஒவ்வொரு புலத்துக்கும் நினைவாக அமைக்க வேண்டும். கோஹாவின் மற்றொரு தேடுபொறியான ஜீப்ராவில் இருப்பவர்கள் வேறு வழி பார்க்க வேண்டும்.

பொதுவில் ஓடும் தளத்துக்கு இன்னொன்று முக்கியம். ஆறு கல்லூரிக்கும் ஒரே முகவரி, ஒரே உள்நுழைவு. ஒரு கிளையின் ஊழியர் கணக்கு களவுபோனால், குறிப்புப் புலத்தில் சில வரி ஸ்கிரிப்ட் போதும். அந்தக் குறிப்பைத் திறக்கும் மற்றக் கல்லூரி ஊழியரின் உலாவியில் அது ஓடும். எனவே பட்டை தருவதாக இருந்தால், அனுமதித்த சில குறிகளை மட்டும் விட்டு மற்றதை நீக்கும் வடிகட்டி சர்வர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உலாவியில் வைக்கும் வடிகட்டியை மட்டும் நம்ப முடியாது. வாசகர் கருத்துரைகளுக்குக் கோஹா ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறது. அதே வழியைப் பின்பற்றினால் போதும்.

கவுண்டர் பணி

எல்லோரும் வேண்டாம் என்கிறீர்கள். நான் பதினொரு ஆண்டாகக் கவுண்டரில் நிற்கிறேன், எனக்கு வேண்டும். ஏன் என்று கேளுங்கள்.

எங்களிடம் ஒரு நிலவியல் நூல் இருக்கிறது. பின்னட்டையின் உட்புற உறையில் மடித்து வைத்த வரைபடம் மூன்று. பிரதிக் குறிப்பில் அது எழுதியிருக்கிறது. எப்படி? "நன்கொடை, முதுகு ஒட்டப்பட்டது, பின் உறையில் வரைபடம் 3, பழைய எண் அடிக்கப்பட்டது" என்று ஒரே வரியில், மற்ற எல்லாக் குறிப்பும் போல அதே சாம்பல் நிறத்தில். மாலை நாலரை மணிக்கு இருபது பேர் வரிசையில் நிற்கும்போது அதை யார் படிப்பார்கள்? நூல் திரும்பி வந்தது, வரைபடம் இரண்டுதான் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்து எடுத்த மாணவி சொல்லித்தான் தெரிந்தது. மூன்றாவது வரைபடம் இன்று வரை கிடைக்கவில்லை.

"வரைபடம் 3" என்பதை மட்டும் சிவப்பில், தடித்த எழுத்தில் போட முடிந்திருந்தால் அது போயிருக்காது. தரவுத் தூய்மை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு நாள் கவுண்டரில் வந்து நில்லுங்கள்.

பட்டியலாளர் 245

தங்கச்சி, உன் வலி புரிகிறது. ஆனால் அந்த வரைபடத்தைக் காப்பாற்றச் சிவப்பு வண்ணம் தேவையே இல்லை. பிரதிப் பதிவில் 952 புலத்தின் 3 என்ற துணைப்புலம் இருக்கிறது. உடன் வரும் பொருள்களைக் குறிக்கவே அது உண்டு. அதில் "வரைபடம் 3" என்று எழுதிவிடு. வழங்கும்போதும் திரும்பப் பெறும்போதும் கோஹா தானாகவே அதைச் செய்தியாகத் திரையில் காட்டும். குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை.

உங்கள் கல்லூரியில் அந்தப் புலத்தை உள்ளீட்டுப் படிவத்தில் மறைத்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொது அலமாரி பார்த்துச் சொல்லட்டும்.

பொது அலமாரி

பார்த்தேன். மறைத்துத்தான் வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் படிவம் நீளமாக இருக்கிறது என்று நாங்களே மறைத்தது. இன்று இரவே திறந்துவிடுகிறேன். அந்த வரைபடத்துக்காக வருந்துகிறேன், அம்மா. அது எங்கள் தவறு.

கவுண்டர் பணி

காலையில் அந்த நிலவியல் நூலிலேயே போட்டுப் பார்த்தேன். பார்கோடு வாசித்ததும் "வரைபடம் 2" என்று செய்தி வருகிறது. இது எனக்குப் போதும். இத்தனை ஆண்டு யாரும் சொல்லித் தரவில்லையே என்பதுதான் வருத்தம்.

உறுப்பினர் குறிப்புக்கும் இப்படி ஏதாவது உண்டா, அக்கா?

கண்காணி

உறுப்பினர் கணக்கில் 'செய்தி சேர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். நீண்ட காலக் குறிப்பு வேறு, கவுண்டரில் இன்று சொல்ல வேண்டிய செய்தி வேறு. செய்தியாகச் சேர்த்தால் வழங்கும் திரையிலேயே தெரியும். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

சுவடி எழுத்து

இழையை முழுதும் படித்தேன். அளவு, தேடல், பாதுகாப்பு எல்லாம் சரியான வாதங்கள். இவை எதையும் விட என்னை அச்சுறுத்துகிற ஒன்று இங்கே இன்னும் வரவில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு கூட்டு நூலகத்தின் தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். அங்கே சுருக்கக் குறிப்புக்கு வடிவமைப்புப் பட்டை கொடுத்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. நூலகரின் மேசைக் கணினியில் பார்த்தேன், அழகான தமிழ். வரி வரியாக, பிழையில்லாத தமிழ். அதே பதிவை என் கைப்பேசியில் திறந்தேன். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் நான்கு ரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் கிடந்தன. பத்தி முழுதும் அப்படியே.

நடந்தது இதுதான். தட்டச்சர் பழைய பழக்கத்தில் வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்து, வெட்டி, பட்டையுள்ள பெட்டியில் ஒட்டியிருக்கிறார். பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ரோமன் எழுத்து. அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். வடிவமைத்த புலம் எழுத்துருவின் பெயரையும் சேர்த்துச் சேமித்துக்கொண்டது. பாமினி நிறுவியிருக்கும் கணினியில் தமிழாகத் தெரிந்தது, வேறெங்கும் தெரியவில்லை. தேடினாலும் கிடைக்கவில்லை. தமிழில் தேடுகிறவர் யூனிகோடில் தேடுகிறார். பதிவில் தமிழே இல்லை.

வெற்று உரைப் புலமாக இருந்திருந்தால், ஒட்டிய மறுநொடியே அவர் திரையில் குழப்பம் தெரிந்திருக்கும். "ஏதோ தவறு" என்று அன்றைக்கே யாரையாவது கேட்டிருப்பார். பட்டை அந்தத் தவறை இரண்டு ஆண்டு மூடி வைத்தது. அந்த இரண்டு ஆண்டில் அந்த நூல்களைத் தேடி வந்து, இல்லை என்று திரும்பிப் போன மாணவர்கள் எத்தனை பேரோ.

தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் தட்டச்சுப் பழக்கம் அரசாணையோடு மாறுவதில்லை. பல அலுவலகங்களில் இன்றும் பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். ஆகவே தமிழ்ப் பதிவுகள் உள்ள எந்தத் தளத்திலும், எழுத்துரு, எழுத்தளவு என்ற இரண்டு பொத்தான்களையும் பட்டையில் வைக்கக் கூடாது; ஒட்டும்போதும் எழுத்துருவின் பெயரை உரித்துவிட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

சாய்வெழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் அச்சில் சாய்வுக்கு மரபு இல்லை. உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும். 'ஞ', 'ணை' போன்றவை படிக்கவே சிரமம். அடிக்கோடு 'கு', 'மூ' ஆகியவற்றின் கால்களை வெட்டிக்கொண்டு போகும். நூற்பெயரை வேறுபடுத்த நமக்கு ஒற்றை மேற்கோள் இருக்கிறது. அதுவே போதும்.

ஒலிவாசகன்

நான் பார்வையற்றவன். என்விடிஏ திரைவாசிப்பான் கொண்டு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். நான் வடிவமைப்பின் பக்கம் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் முழுக்க வெற்று உரை எனக்கு நல்லதில்லை.

கிளையின் தகவல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முறையான தலைப்புக் குறி இருந்தால் ஒரே விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவுவேன். முறையான பட்டியல் இருந்தால் "பட்டியல், ஐந்து உருப்படிகள்" என்று முதலிலேயே சொல்லிவிடும். எவ்வளவு கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெற்று உரையில் ஒவ்வொரு வரிக்கும் முன் கைகோடு போட்டு எழுதினால் அது எனக்குப் பட்டியல் இல்லை. வெறும் நீண்ட வாசகம். தலைப்பைத் தடித்த எழுத்தில் மட்டும் போட்டால் அது தலைப்பே இல்லை, தாவ முடியாது. "சிவப்பில் உள்ளவை வழங்கப்படமாட்டா" என்று எழுதியிருந்தால், எவை என்று நான் யாரையாவது கேட்டுத்தான் அறிய வேண்டும்.

எல்லாவற்றையும் விட மோசமானது படம். ஒரு நூலகத்தில் விடுமுறை நாள் அறிவிப்பைச் சுற்றறிக்கையின் புகைப்படமாக அறிவிப்புப் பெட்டியில் ஒட்டிவிட்டார்கள். என் கணினி "படம்" என்று மட்டும் சொன்னது. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது.

எனவே என் வேண்டுகோள்: தலைப்பு, பட்டியல், இணைப்பு மூன்றையும் கொடுங்கள். வண்ணத்தையும், படத்தை நேரடியாக ஒட்டும் வசதியையும் எடுத்துவிடுங்கள்.

கண்காணி

ஒலிவாசகன் சொன்ன படத்தில் இன்னொரு தீங்கும் உண்டு. சில தொகுப்பிகளில் ஒட்டிய படம் எழுத்துக் கோவையாக மாறி அறிவிப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடும். முகப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும் அதைச் சுமக்க வேண்டும்.

அறிவியல் நூலகர்

எங்கள் சிக்கலையும் பார்த்துவிடுங்கள். வேதியியல், தாவரவியல் தலைப்புகளில் கீழெழுத்து, மேலெழுத்து வேண்டும். தாவரப் பெயர்கள் சாய்வாக இருக்க வேண்டும் என்பது துறை மரபு. கிராஸ்ரெஃப் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கட்டுரை விவரங்களை இழுத்தால் தலைப்புக்குள்ளேயே சாய்வுக் குறியும் கீழெழுத்துக் குறியும் இருக்கின்றன. அவர்கள் தலைப்பில் அவற்றை அனுமதிக்கிறார்கள். வாசகர் தேடும் எங்கள் இணையப் பட்டியலில் (ஓபாக்) அவை கோண அடைப்புகளாகத் தெரிகின்றன. பட்டை வந்தால் இது தீரும் என்று நினைத்தோம்.

பட்டியலாளர் 245

தீராது ஐயா. தலைப்பு ஒரு மார்க் புலம்; நான் முதலில் சொன்னது அதற்கும் பொருந்தும். கீழெழுத்து 2, மேலெழுத்து 3 போன்றவற்றுக்கு யூனிகோடிலேயே தனி எழுத்துகள் உண்டு, அவற்றையே இடுங்கள். எண்ணும் எழுத்தும் தேடலில் பொருந்தும்படி சொல்லடைவை ஐசியூ என்ற யூனிகோடு முறையில் வைக்க வேண்டும். தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்க ஜீப்ராவில் எப்படியும் அதை இயக்கியிருக்க வேண்டும். சாய்வை மட்டும் விட்டுவிடுங்கள். சாய்வு இல்லாததால் எந்தத் தாவரவியல் மாணவரும் நூலைத் தவறவிடப் போவதில்லை. இழுக்கும் கட்டுரைகளில் குறிகளை உள்ளே நுழையும்போதே நீக்கிவிடுங்கள்.

அறிவியல் நூலகர்

சாய்வை விடுவது எங்கள் பேராசிரியர்களுக்குப் பிடிக்காது. ஆனால் கூட்டுப் பட்டியலில் குறிகளோடு போவது அதைவிடத் தலைக்குனிவு. ஒப்புக்கொள்கிறேன், முழு மனத்தோடு இல்லை.

பொது அலமாரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நான்கு கல்லூரிகளும் மாதிரியாக அனுப்பியிருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவர்கள் பட்டையை எதற்காகக் கேட்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். பெரும்பாலானவர்கள் கேட்பது வரி முறிவு. உள்ளே தனித்தனி வரியாக அடிக்கிறார்கள், திரையில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வருகிறது. அடுத்தபடியாக, சொடுக்கக்கூடிய இணைப்பு. அதற்கடுத்து, கவுண்டர் அம்மா கேட்டது போலக் கண்ணில் படுவது. உண்மையிலேயே அலங்காரம் கேட்டவர்கள் மிகச் சிலர். அதுவும் முகப்பு அறிவிப்புக்கு. அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

கூட்டத்துக்கு நான் எடுத்துச் செல்லும் திட்டம் இது. நூற்பதிவில் எந்த வடிவமைப்பும் இல்லை. 520இல் பத்தி பிரிக்க வேண்டுமானால் புலத்தையே இரண்டாவது முறை சேர்க்கலாம், மார்க் அதை அனுமதிக்கிறது. 505இல் இரட்டைக் கோடு வரும் இடத்தில் வரி பிரித்துக் காட்டும்படி காட்சி வார்ப்புருவில் எழுதிவிடுகிறோம். பதிவில் மாற்றம் இல்லை, திரையில் மட்டும். பிரதிக் குறிப்பும் உறுப்பினர் குறிப்பும் வெற்று உரைதான்; வரி முறிவை மதித்துக் காட்ட திரைத் தோற்றத்துக்கான ஒரு சிஎஸ்எஸ் விதி போதும், முகவரியாக எழுதியதை இணைப்பாக்கிக் காட்டுவது மென்பொருளின் வேலை. கிளைத் தகவல் பக்கத்துக்குப் பட்டை உண்டு: தலைப்பு, பட்டியல், இணைப்பு, தடித்த எழுத்து. எழுத்துரு, அளவு, வண்ணம், படம் ஒட்டுதல் இல்லை. முகப்பு அறிவிப்பிலும் அவற்றை எடுத்துவிடுகிறேன். ஒட்டுவது எல்லாம் சர்வரில் உரிக்கப்படும்.

நினைவூட்டல் கடிதத்தில்தான் எனக்கு இன்னும் குழப்பம்.

கண்காணி

மின்னஞ்சலுக்கும் குறுஞ்செய்திக்கும் கோஹாவில் தனித்தனி வார்ப்புரு. மின்னஞ்சல் வார்ப்புருவில் மட்டும் எச்டிஎம்எல் என்று குறித்து வடிவமையுங்கள். அதை மாற்றும் உரிமையும் ஒருவரிடமோ இருவரிடமோ இருக்கட்டும். குறுஞ்செய்தியில் எந்தக் குறியும் வேண்டாம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுதான் இடம், நீண்டு பிரிந்தால் பகுதிக்கு 67. நூற்பெயர் நீளமாக இருந்தால் அதுவே இரண்டு செய்தியாகிவிடும்.

சுவடி எழுத்து

திட்டம் நன்று. ஒரு வேலையை மட்டும் கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். 008 என்ற புலத்தில் மொழி 'தமிழ்' என்று குறித்திருந்தும், 520இல் ஒரு யூனிகோடு தமிழ் எழுத்துகூட இல்லாத பதிவுகளை வடித்தெடுங்கள். உங்களிடம் பட்டை இல்லாவிட்டாலும் பழைய இறக்குமதியில் பாமினி வந்திருக்கலாம்.

பொது அலமாரி

எடுத்துவிட்டேன் ஐயா. இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். இருக்கின்றன. எல்லாம் ஒரே கல்லூரியின் பழைய மென்பொருளிலிருந்து வந்த பதிவுகள். பாமினியை யூனிகோடாக்கும் மாற்றி நிரல் ஒன்றில் முதல் பத்துப் பதிவை ஓட்டியதும் தமிழ் சரியாக வந்துவிட்டது. முழுவதையும் ஓட்டிவிடலாமா?

சுவடி எழுத்து

பொறுங்கள். அந்தப் பத்திலும் ஆங்கிலச் சொல் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றி நிரலுக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. பதிப்பகப் பெயர், ஆண்டுக்கு முன் வரும் சுருக்கம், இணைய முகவரி எல்லாவற்றையும் தமிழ் எழுத்துகளாக உருட்டிவிடும். பழைய உரையின் நகலைத் தனியே வைத்துக்கொண்டு, கலப்பு உள்ள பதிவுகளைப் பிரித்து என்னிடம் அனுப்புங்கள். நான் கையால் பார்த்துத் தருகிறேன்.

பொது அலமாரி

கலப்பு இருக்கிறது. நான்காவது பதிவில் ஓர் இணைய முகவரி முழுக்கத் தமிழ் எழுத்தாகிக் கிடக்கிறது. நிறுத்திவிட்டேன். நகல் எடுத்துப் பிரித்து, இன்று மாலைக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன்.

கவுண்டர் பணி

நான் பணிபுரியும் கல்லூரியின் பதிவுகள் அவற்றில் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். எங்கள் தட்டச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் நூல்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. பின்னட்டையைப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்கிறேன்.